பாலைப் பிணைக்கும் நொதியும் நுண்குழாயும்

1980களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் மொபாரென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் டிரான்ஸ்குளூட்டமினேஸ். இதன் உறவுக்கார நொதி நம் ரத்தத்திலும் இருக்கிறது. காயத்தில் உறையும் ரத்தக்கட்டியை இறுக்கிக் கொடுப்பது அதுதான். அதற்குக் கால்சியம் வேண்டும், பாக்டீரியா தரும் நொதிக்கு அது தேவையில்லை. உணவுத் தொழிலுக்குள் இது சுலபமாக நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இது பாலில் செய்யும் வேலை நுட்பமானது. புரதச் சங்கிலியில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை நொதி பற்றிக்கொள்கிறது. அப்போது ஒரு அம்மோனியா மூலக்கூறு வெளியேறுகிறது. அந்த நிலையில் இன்னொரு சங்கிலியின் லைசின் அருகே வந்தால் இரண்டுக்கும் நடுவே முடிச்சு விழும். லைசினுக்கு முன் தண்ணீர் முந்திக்கொண்டால் முடிச்சு இல்லை. குளூட்டமின் வெறும் குளூட்டமிக் அமிலமாகிவிடும். விழுந்த முடிச்சோ வலுவானது, பாலைக் கொதிக்கவைத்தாலும் அவிழாது.

பசும்பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின். அதன் சங்கிலிகள் தளர்வாகக் கிடப்பதால் நொதிக்கு எளிதில் வசப்படும். மீதியுள்ள தெளிநீர்ப் புரதங்கள் இறுகச் சுருண்டவை. சூடாக்கி அவிழ்த்தால்தான் பிடி கிடைக்கும். பச்சைப் பாலில் இந்த நொதியைத் தடுக்கும் ஒரு பொருளும் உண்டு, அதுவும் சூட்டில் அழிந்துவிடும். அதனால் பாலை முதலில் நன்றாகக் காய்ச்சிக்கொள்கிறார்கள். இப்படிப் பிணைத்த பாலில் தயிர் கெட்டியாக உறையும், மேலே தண்ணீர் பிரிந்து நிற்பது குறையும்.

சிக்கல், எப்போது நிறுத்துவது என்பதில்தான். நொதி மிக வேகமாக இயங்குவது சுமார் 50 பாகை செல்சியஸில். 70ஐ எட்டினால் விரைவில் செயலிழந்துவிடும். பெரிய தொட்டியைச் சூடேற்றி அந்த நிலைக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். வழியில் 50 பாகையைக் கடக்கும்போது நொதி இன்னும் மும்முரமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்!

நுண்வினைகலன் இந்த இடத்தில்தான் உதவுகிறது. அது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அகலமே உள்ள கால்வாய். அதற்குள் சூடு ஒரு நொடிக்குள் நடுவரை எட்டிவிடும். அதில் ஓட்டம் கொந்தளிப்பற்றது: பாலும் நொதிக் கரைசலும் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடும். நொதி தானாக ஊடுருவித்தான் பாலைச் சேர வேண்டும். மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைக் கடக்க அதற்குச் சுமார் ஒரு நிமிடம் போதும். அதே முறையில் ஒரு சென்டிமீட்டர் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இந்த ஒரு கணக்கே குழாய் ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

ஆனால் சுவரே பகையாகவும் மாறும். உருளைக் குழாயின் நடுவில் பால் சராசரியைப் போல இருமடங்கு வேகத்தில் போகும். சுவரோரம் கிட்டத்தட்ட நிற்கும். நின்ற பால் அதிகம் பிணைந்து கெட்டிப்படும், கெட்டிப்பட்டதால் இன்னும் மெதுவாகும், கடைசியில் குழாய் அடைத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த தீர்வு, பாலை எண்ணெய்க்குள் சிறு துளிகளாக நறுக்கி அனுப்புவது. பால் சுவரைத் தொடாது, எல்லாத் துளிக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்கும், ஓடும்போதே துளிக்குள் சுழற்சி ஏற்பட்டுக் கலக்கவும் செய்யும். மறுமுனையில் சீரான புரதக் கூழ்மணிகள் வந்து விழும்.

நொதியைச் சுவரிலேயே ஒட்டிவைத்தால் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் கேசின் பாலில் தனித்தனியாக அலைவதில்லை; சுமார் 150 முதல் 200 நானோமீட்டர் அளவுள்ள திரள்களாக இருக்கிறது. சுவரில் கட்டப்பட்ட நொதியால் திரளின் மேற்பரப்பைத்தான் தொட முடியும், உள்ளே போக முடியாது. கரைந்த நிலையில் விடுவதே இதற்குப் பொருத்தம்.

விளைச்சலையும் பார்த்துவிடலாம். 0.2 மில்லிமீட்டர் சதுரக் கால்வாய், நீளம் ஒரு மீட்டர், பால் உள்ளே இருக்கும் நேரம் பத்து நிமிடம் என்றால், நாள் முழுவதும் ஓடினாலும் ஆறு மில்லிலிட்டர்கூடத் தேறாது. ஆயிரம் கால்வாய்களைச் சேர்த்தாலும் ஆறு லிட்டருக்குள்தான். ஆகவே தயிர் ஆலைக்குத் தொட்டியே சரி. எத்தனை முடிச்சு விழுந்தால் பால் எப்படி மாறுகிறது என்று அளக்கவும், மருந்தையோ சத்தையோ சுமக்கும் விலையுயர்ந்த கூழ்மணிகளைச் செய்யவும் நுண்குழாயே ஏற்றது.