பால் மரம் வெட்டுபவரைச் சுவரில் வைத்த ரயில் நிலையம்

தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. அந்த டேங்க் ரோட்டில்தான் ஒரு காலத்தில் ரயில் வந்து நின்றது என்றால் நம்புவீர்களா? 1903-இல் அங்கிருந்து கிராஞ்சி வரை ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது ஜொகூர்ப் பாலம் கிடையாது. 1923-இல்தான் ரயில் நீரிணையைக் கடந்தது.

தோட்டத்து ரப்பரும் லம்பத்து ஈயமும் கப்பலேற வேண்டுமே! ஆகவே துறைமுகத்தின் அருகிலேயே, இன்றைய புக்கிட் மேரா வட்டாரத்தில், கெப்பல் சாலையில் தாஞ்சோங் பகார் நிலையத்தைக் கட்டினார்கள். 1932 மே 2-இல் கவர்னர் சர் சிசில் கிளமெண்டி திறந்து வைத்தார். முகப்பில் விவசாயம், வாணிபம், போக்குவரத்து, தொழில் என நான்கு வெண்சிலைகள்.

சிறு வயதில், அக்கா கல்யாணத்துக்குச் சிராங்கூன் சாலையில் சேலை எடுக்க அம்மாவோடு இரவு ரயிலில் போய் விடியற்காலையில் அங்கே இறங்கினேன். கூடத்தின் சுவர்களில் உயரத்தில் பெரிய பெரிய படங்கள்: நெல் நடவு, ஈய லம்பம், மாட்டு வண்டி. ஒன்றில் பால் மரம் வெட்டும் காட்சி. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அம்மா அண்ணாந்து நின்றார். "ஏண்டா, நம்ம வேலையைக்கூடப் படம் போட்டு வெச்சிருக்காங்களே!" மாமா வந்து கூப்பிடும்வரை அவர் நகரவில்லை. தண்டவாளம் போட்ட நம்மவர்களுக்கு அங்கே படம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சிங்கப்பூர்ப் பாதையைக் கூட்டு மலாய் மாநில ரயில்வே 1918-இலேயே வாங்கியிருந்தது. 1965-இல் நாடுகள் பிரிந்தன. தண்டவாளமும் நிலையமும் மலாயா ரயில்வேயிடமே இருந்தன. இதனால் ஒரு வேடிக்கை. 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை ஊட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சாவடியோ தாஞ்சோங் பகாரிலேயே இருந்தது. மலேசியாவுக்குள் நுழைய முதலில் அனுமதி பெற்று, பிறகுதான் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவார்கள்!

நிலையத்தை மாற்ற 1990-இல் ஒப்பந்தம் ஆனது. இழுபறி இருபது ஆண்டு. 2010-இல் இரு பிரதமர்களும் பேசி முடித்தார்கள். 2011 ஜூன் 30 இரவு, கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே ஓட்டிச் சென்றார். கூட்டம் தண்டவாளத்தின் இருபுறமும் நின்று கையசைத்தது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள்.

செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தச் சுவர்ப் படத்தையும் இடிச்சிட்டாங்களா?"

இல்லை. அந்த ஏப்ரலிலேயே கட்டடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். அதையும் படித்துக் காட்டினேன்.