இஞ்சினுக்கு எங்கே இடம்?

சிறிய காரின் பாகங்களைக் கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் வடிவமைப்பது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் குழுவின் இறுதியாண்டுத் திட்டம். முதல் வரைபடத்தில் ஸ்ட்ரெச்சருக்கே இடமில்லை. “வண்டி சிறியது சார்,” என்றேன். “இஞ்சினை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள்,” என்றார் விரிவுரையாளர்.

பழைய அமெரிக்க வண்டிகளைப் பற்றிப் படித்தேன். ஃபோர்ட் ஃபால்கன், 1960இன் சிறிய குடும்பக் கார். அதன் இஞ்சினை 1961 எக்கனோலைன் வேனில் முன்னிருக்கைகளுக்கு நடுவே பொருத்தினார்கள். பின்னால் நீண்ட சமதளம் கிடைத்தது. அதில் சரக்கும் ஏறியது; நோயாளியும் ஏறினார்.

செவ்ரலே கோர்வேர் காரிலோ இஞ்சின் பின்னால். அதைக் கொண்டு 1961இல் வந்த ராம்ப்சைட் பிக்கப்பில் பின்பகுதி மேடாகவும் நடுப்பகுதி தாழ்வாகவும் அமைந்தன. அந்தக் குறையைப் பயனாக மாற்றினார்கள். பக்கவாட்டுக் கதவு கீழே சாய்ந்து சரிவுப்பாதை ஆனது. தொலைபேசி ஊழியர்கள் கனமான கேபிள் உருளைகளைத் தூக்காமல் உருட்டியே ஏற்றினார்கள்.

நாங்கள் மறுபடியும் வரைந்தோம். இம்முறை படுத்திருக்கும் நோயாளியின் அளவை முதலில் குறித்தோம். இஞ்சினுக்கு அதன் பிறகே இடம் தேடினோம். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.