கிளம்ப மறுக்கும் மொபெட் இஞ்சின்: குடியானவர்கள் தாமே செய்யக்கூடிய பரிசோதனைகள்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையை ஒட்டிய கிராமங்களில், நகரம் நாளுக்கு நாள் நெருங்கி வந்தபோதிலும், நெல்லும் கீரையும் காய்கறியும் இன்னமும் பயிராகி வருகின்றன. அதிகாலையில் பறித்த கீரை, வெயில் ஏறுமுன் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைத்தெருக்களை அடைந்தாலன்றி உரிய விலை பெறுவதில்லை. முற்காலத்தில் மாட்டு வண்டி செய்த இவ்வேலையை, ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வெளிவந்த பின்னர், மொபெட் என்னும் இஞ்சின் பொருத்திய சைக்கிள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. உரமூட்டையும், பாற்கேனும், வாழைத்தாரும் இதன் மேலேயே செல்கின்றன.

இத்தகைய வண்டி விடியற்காலம் நான்கு மணிக்குக் கிளம்ப மறுக்குமாயின், அன்றைய சரக்கு முழுவதும் நஷ்டமாகும். அந்நேரத்தில் பழுது பார்ப்போரின் கடை எதுவும் திறந்திராது. ஆகவே குடியானவர், காரணத்தைத் தாமே கண்டறியும் முறையைத் தெரிந்துகொள்வது அவசியம். காரணம் அறியாமல் பெடலை ஓயாது மிதிப்பதும், பின்னர் கார்புரேட்டர், காயில் முதலியவற்றை ஒவ்வொன்றாகப் புதிதாக மாற்றுவதும் வீண் செலவேயாகும்.

மூன்று தேவைகள்

பெட்ரோல் இஞ்சின் எதுவாயினும் அது ஓடுவதற்கு மூன்று வேண்டும். காற்றுடன் தகுந்த அளவில் கலந்த பெட்ரோல் உள்ளே வரவேண்டும். அக்கலவையைப் பிஸ்டன் நன்கு அழுத்த வேண்டும். அழுத்தப்பட்ட தருணத்தில் பிளக்கில் பொறி தோன்ற வேண்டும். இம்மூன்றில் எது குறைகிறதென்று முதலில் தெளிந்த பின்னரே எந்தப் பாகத்தையும் கழற்றவேண்டும். இதற்கு வேண்டிய கருவிகள் பிளக் ஸ்பேனர், பழந்துணி, நல்ல நிலையிலுள்ள மற்றொரு பிளக் ஆகியவையே. இவற்றை வண்டிப்பெட்டியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

முதலில் பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, தொட்டியில் பெட்ரோல் உள்ளதா, இஞ்சினை நிறுத்தும் பொத்தான் தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்பவற்றைப் பார்க்கவும். இவை அற்பமாகத் தோன்றினும், பல சமயங்களில் குறை இங்கேயே முடிந்துவிடும்.

பிளக் கூறும் சாட்சி

அடுத்து, சில முறை மிதித்த பின் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைக் கவனிக்க வேண்டும். நுனி உலர்ந்திருந்தால் பெட்ரோல் இஞ்சினுக்கு வரவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுதியாகச் சேர்ந்துவிட்டது என அறியலாம். நுனியில் கரியும் எண்ணெயும் அப்பியிருந்தால் மிக்சிங் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம். சில வேளைகளில் மயிரிழை போன்ற கரித்துணுக்கு ஒன்று இரு முனைகளையும் இணைத்து நின்று பொறியைத் தடுக்கும். அதை நீக்கினாலே போதும்.

பொறியைச் சோதிக்க, பிளக்கை அதன் மூடியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இஞ்சினின் உலோகத்தின் மேல் நன்கு படும்படி, பிளக் துவாரத்திற்கு எட்டத்தில் வைத்துப் பெடலை மிதிக்கவும். நீல நிறப் பொறி சடசடவென்று பாய்ந்தால் நல்லது. மங்கிய சிவப்பாயிருந்தாலும், பொறியே இல்லாவிட்டாலும், மற்றொரு பிளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் பிளக் மூடியும் அதன் கம்பியும் ஈரமாயிருப்பதே குறையாகலாம், துடைத்து உலர்த்தவும். பெட்ரோல் சிந்திய இடத்தில் இச்சோதனையைச் செய்யவே கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு.

பெட்ரோல் மிகுந்துவிட்டால், குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, பத்துப் பதினைந்து முறை மிதித்து உள்ளிருப்பதை வெளியேற்ற வேண்டும். பின்பு உலர்ந்த பிளக்கை மாட்டி, சோக் இடாமல் கிளப்பவும். பிளக்கைத் திரும்பப் பொருத்துகையில் முதலில் கையாலேயே திருக வேண்டும். அலுமினிய மரை எளிதில் கெடும்.

பெட்ரோல் வராவிடில்

கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலை விட்டுப் பார்க்கவும். தாரையாக வராமல் சொட்டினால் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். உடனே நன்றாக வருமாயின், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுள்ளது. வண்டி சிறிது தூரம் ஓடி, நின்று, பின் தானே கிளம்புவதற்கும் இது ஒரு காரணம். பெட்ரோல் நன்கு வந்தும் பிளக் உலர்ந்தேயிருந்தால் கார்புரேட்டரின் ஜெட்டில் அடைப்பு இருக்கும். அதை ஊதிச் சுத்தம் செய்யலாம். கம்பி கொண்டு குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும்.

புட்டியிலுள்ள பெட்ரோல் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் அதில் தண்ணீர் சேர்ந்துள்ளது. 2025-ஆம் ஆண்டு முதல் நாட்டில் விற்கும் பெட்ரோலில் சுமார் 20 சதவிகிதம் எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும், மக்காச்சோளம், அரிசி முதலிய தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனால் விவசாயிகளுக்கு வருவாய் தருவதாயினும், ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. தண்ணீர் ஓர் அளவுக்கு மிஞ்சினால், எத்தனாலும் தண்ணீரும் கூடிக் கீழே படியும். இஞ்சினுக்குப் போகும் குழாய் அடியிலிருந்தே எடுப்பதால் வண்டி கிளம்பாது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெய் மேலுள்ள பெட்ரோலோடு நின்றுவிடுமாகையால், பிஸ்டனுக்கும் தீங்கு நேரும். ஆகவே மழைக்காலத்தில் வண்டியைக் கூரையின் கீழ் நிறுத்தவும். பல வாரம் ஓட்டாத வண்டியில் பழைய பெட்ரோலை வைத்திருக்க வேண்டாம்.

அழுத்தம்

பொறியும் பெட்ரோலும் சரியாயிருந்து இஞ்சின் கிளம்பாவிடில், பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் மூடி மிதிக்கச் செய்யவும். விரலைக் காற்று பலமாகத் தள்ளவேண்டும். தள்ளாவிட்டால் பிஸ்டன் வளையம் தேய்ந்தோ, ஹெட் காஸ்கெட் கெட்டோ இருக்கலாம். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. அழுத்தமும் சரியாயின், சைலன்சர் கரியால் அடைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டியாதலால், பெட்ரோலில் எண்ணெய் கலக்கலாகாது. 2020-க்குப் பிந்திய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீச்சும் முறை உள்ளது. இவற்றில் பாட்டரியையும் ஃபியூஸையும் பார்த்தபின், மற்றவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளம் வடிந்தவுடன் வண்டியை மிதித்துப் பார்ப்பது பெருந்தவறு. தண்ணீர் அழுந்தாப் பொருளாதலால், சிலிண்டரில் நீர் நிற்கையில் மிதித்தால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். முதலில் பிளக்கைக் கழற்றி, மெள்ள மிதித்து நீரை வெளியேற்றி, சிறிது எண்ணெய் விட வேண்டும். தொட்டியிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை நீக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இஞ்சின் எண்ணெயையும் மாற்ற வேண்டும். தாமதித்தால் பேரிங்குகள் துருப்பிடிக்கும். ஆகவே கிராம உத்தியோகஸ்தர்கள் வெள்ள எச்சரிக்கை செய்யும்போதே, வண்டிகளை மேட்டில் நிறுத்தும்படியும், நனைந்த வண்டியை உடனே கிளப்ப வேண்டாமென்றும் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தல் மிகவும் பயன் தரும்.

மேற்கூறிய பரிசோதனைகள் யாவும் அரை மணி நேரத்திற்குள் செய்யக்கூடியவை. ஓய்வான ஒரு நாளில், வண்டி நன்றாக ஓடும்போதே பிளக்கைக் கழற்றிப் பார்த்துப் பழகிக்கொண்டால், சரக்கு ஏற்றி நிற்கும் விடியற்காலையில் கை தடுமாறாது.