செம்மரமும் திரைக்கதையும்: ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பார்வை



வெகுமக்கள் பண்பாடு கலையிலும் இசையிலும் சமூகத்திலும் என்ன செய்கிறது என்பதே இந்த நினைவுச் சொற்பொழிவின் பொருள். இதைப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சென்னையில் தொடங்கி கானா, பறை, ராப் என்று போவார்கள். நானும் அங்கே வருவேன். ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து தொடங்குகிறேன். இந்தியா முழுக்க ஓடிய ஒரு திரைப்படத்தின் கதைக்கும் இந்த மலைக்குத் திரும்பி வந்த பிணங்களுக்கும் ஒரே மரம்தான் காரணம்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் முக்கிய ஊர். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ண வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். மழையை நம்பிய சாமைப் பயிரும் காடு தருகிற பொருள்களும்தான் பிழைப்பு. மழை பொய்த்தால் கீழே இறங்கிக் கூலிக்குப் போக வேண்டும். கோடரி பிடித்துப் பழகிய இந்தக் கைகளைத் தேடித்தான் செம்மரத் தரகர்கள் முன்பணத்தோடு மலை ஏறினார்கள்.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திரத்தின் கடப்பா, சித்தூர் பக்கத்துக் காடுகளில் இயற்கையாக வளர்வது. சீனத்தில் அதற்கு அறைகலன் சந்தை உண்டு. ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவியின் கழுத்துப் பகுதிக்கு உயர்ந்த மரம் என்று மதிப்பு. அதாவது தொலைதூரத்து இசை மேடை ஒன்றும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. மறுமுனையில் இருப்பவருக்குக் கூலியும் சிறையும்.

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் இருந்தார்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்து பிடித்துச் சென்றார்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 17 அன்று, சுகுமார் இயக்கிய ‘புஷ்பா’ வெளிவந்தது. அதே சேஷாசலம், அதே செம்மரம். மரம் வெட்டும் கூலியாளாகத் தொடங்குகிறவன் கடத்தல் கூட்டத்தின் தலைவனாக உயர்கிறான். தேவிஸ்ரீ பிரசாத்தின் பாடல்கள் தமிழ் உட்பட ஐந்து மொழிகளில் ஒலித்தன. தாடையின் கீழே கையை இழுத்துக் காட்டும் அந்தச் சைகையைக் கிரிக்கெட் வீரர் டேவிட் வார்னர் வரைக்கும் செய்து காட்டினார்கள்.

இந்தப் படத்தைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டால் நாம் எதையும் கற்கப் போவதில்லை. நாயகனுக்குத் தந்தையின் குடும்பப் பெயர் மறுக்கப்படுகிறது. அவை நடுவே தாய் இழிவுபடுத்தப்படுகிறாள். பிறப்பால் அவமானப்பட்ட எவருக்கும் அந்தக் காட்சி புரியும். படத்தின் வலிமையே அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்துக்குப் படம் காட்டும் வழி ஒன்றே ஒன்று: ஒருவன் மட்டும் முதலாளி ஆவது. அவனோடு மரம் சுமந்தவர்கள் அவன் பின்னால் நின்று கைதட்டும் கூட்டமாகிறார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து போனவன் ஏன் போனான், முன்பணம் கொடுத்தவன் யார், வெட்டியவன் பிடிபடும்போது வாங்கியவன் ஏன் பிடிபடுவதில்லை என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. வாழ்க்கையிலிருந்து ஒரு படிமத்தை எடுத்து, அதன் காரணங்களை அறுத்துவிட்டு, அதே மக்களிடம் விற்பது வெகுமக்கள் பண்பாட்டின் ஒரு வேலைமுறை. அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் ‘பண்பாட்டுத் தொழில்’ என்று சொன்னது ஏறக்குறைய இதைத்தான்.

அது முழு உண்மை அன்று. ஸ்டூவர்ட் ஹால் 1981இல் எழுதிய கட்டுரையில், வெகுமக்கள் பண்பாடு மேலிருந்து திணிக்கப்பட்டதும் அல்ல, மக்களின் தூய சொத்தும் அல்ல, இரு தரப்பும் மோதிக்கொள்ளும் களம் என்று வாதிட்டார். அதற்கான சான்று நம் ஊரிலேயே உண்டு. ‘புஷ்பா’வுக்கு ஒன்றரை மாதம் முன்புதான் ‘ஜெய் பீம்’ வந்தது. 1993இல் நடந்த காவல் கொலை ஒன்றை அடியொற்றிய அந்தப் படம், இருளர் மக்களின் சாதிச் சான்றிதழ், பொய் வழக்கு, வீட்டுமனை ஆகியவற்றைப் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்தது. அதிலும் மீட்பராக வருபவர் வழக்கறிஞர்தான் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் அரசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய படம் அது. 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் ‘புஷ்பா’வுக்குச் சிறந்த நடிகர் விருதும் பாடல்களுக்கான இசை விருதும் கிடைத்தன, ‘ஜெய் பீம்’ படத்துக்கு ஒன்றுமில்லை. எந்தக் கதை கொண்டாடப்படும் என்பதும் அந்தக் களத்தில் முடிவாகிற ஒன்றே.

இசைக்கு வருவோம். 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக நாட்டுப்புற மெட்டு தமிழ்த் திரையின் நடுவுக்கு வந்தது. மெட்டு எல்லார் வீட்டுக்குள்ளும் போயிற்று. பறை அடித்தவர் அதே வாசலில்தான் நின்றார். அந்த நிலையை அசைத்தது இயக்கம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்ற மறுப்பு முதலில் வந்தது. பிறகு, 1990களின் தலித் கலை விழாக்களிலும் திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவற்றின் மேடைகளிலும் பறை விடுதலைக் கருவியாக மீட்கப்பட்டது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது பறையும் கானாவும் ராப்பும் சேர்ந்தன. அதன் பெயருக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் சிந்தனை இருந்தது.

அந்த வழியில் வந்த அறிவு எழுதிப் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் பரவியது. நிலமற்ற உழைப்பாளரின் வரலாறு அதில் பாட்டாயிற்று. அதே ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாடல் ஒலித்தபோதும் அவர் இல்லை. பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் அதை உருவாக்கியவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. நமக்கு இதில் பாடம் ஒன்று உண்டு. நம் வாழ்க்கை பாட்டில் இடம்பெறுவது ஒரு போராட்டம். பெயரும் வருமானமும் உரிமையும் நம்மிடம் வந்து சேர்வது இன்னொரு போராட்டம்.

இந்தப் பாடத்தோடு மறுபடி மலைக்குப் போனால், கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது. சேஷாசலத்தில் இறந்தவர்களைப் பற்றி ‘புஷ்பா’ அளவுக்குப் பரவிய பாட்டோ படமோ இல்லை. தலித் அரங்குகளில் இருக்கிற நாம், அந்த இடத்தை நிரப்ப அவர்களுக்காகப் பாடிவிடலாம் என்று எளிதாக நினைத்துவிடுவோம். சாதி இந்து எழுத்தாளர்கள் நமக்காகப் பேசியபோது நாம் எழுப்பிய ஆட்சேபம் அப்போது நமக்கும் பொருந்தும். தலித் மக்களின் தீண்டாமை அனுபவமும் பழங்குடியினரின் காட்டுரிமை இழப்பும் ஒன்றல்ல. தோழமை உண்டு, பதிலாள் உரிமை இல்லை.

ஆகவே மாணவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் எளியது. மலைக்குப் போகிறவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோவதற்கு முன், பதிவு யாருக்குச் சொந்தம் என்பதைப் பேசி முடியுங்கள். பாடியவரின் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். ஒரு படியை அந்த ஊரிலேயே விட்டு வாருங்கள். உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் ‘புஷ்பா’ பாட்டுக்கு ஆடினால் தடுக்க வேண்டாம். ஆடி முடித்த பிறகு உட்கார்ந்து, இந்தக் கதையில் நம் ஊர்க்காரர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லப்போகும் பதிலில்தான் அந்த மலையின் அடுத்த பாட்டு இருக்கும். அதை எழுதும் பேனாவும் பாடும் குரலும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.