பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியும் மிராசுதார்களும்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஆடி மாதம் பிறந்தால் சம்பா நாற்றங்காலுக்கு விதை தேடும் வேலை தொடங்குகிறது. ஏறக்குறைய அக்காலத்திலேயே பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானக் கண்காட்சியைப் பற்றிய பேச்சும் தொடங்குகிறது. முன்னதைக் குறித்து நம் மிராசுதார்கள் எவரிடமும் யோசனை கேட்கவேண்டிய நிலையில் இல்லை. பின்னது தமக்குச் சம்பந்தமற்றது என்று அவர்கள் கருதி வருவதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

நடுவர்களுள் ஒருவனாகச் சில கண்காட்சிகளுக்குச் சென்றிருக்கிறேன். சோடா உப்பும் வினிகரும் கலந்து பொங்கவிடும் எரிமலை, தெர்மாக்கோல் அட்டையில் ஒட்டிய காற்றாலை, மருந்துக்கடையில் வாங்கிய குளுகோஸ் குழாயால் அமைத்த சொட்டு நீர்ப் பாசனம் ஆகிய இவையே வரிசை வரிசையாக இருக்கும். அவற்றுட் பல தகப்பனார் பணம் கொடுத்துக் கடைக்காரர் செய்து கொடுத்தவை. பிள்ளையை ஒரு கேள்வி கேட்டால் மனப்பாடம் செய்த நாலு வாக்கியங்கள் வரும். ஐந்தாவது கேள்விக்கு விடை வராது. ஆனால் அப்பிள்ளையின் வீட்டுக் குதிரில் இருக்கும் விதைநெல்லில் நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்பதை அவனும் அறியான், அவன் தகப்பனாரும் அறியார். விஞ்ஞானம் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளே பரீட்சை செய்து, தாய்மொழியிலேயே முடிவைச் சொல்லவேண்டும் என்னும் நோக்கத்துடன் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நம் மாகாணத்தில் அதனைப் பரப்பியதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பங்கு பெரிது. 2010, 2011 ஆகிய இரண்டாண்டுகளுக்கும் அதன் பொதுப் பொருளே நிலவளம்தான். மத்திய சர்க்காரின் இன்ஸ்பயர் மானக் திட்டத்திலோ, யோசனை தெரிந்தெடுக்கப்பட்ட மாணாக்கருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் அளிக்கப்படுகிறது. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரி போட்டுத் துணி தேய்ப்பவரின் வண்டியைக் கண்டு சூரிய சக்தியால் இயங்கும் வண்டி ஒன்றை யோசித்து, 2021இல் கிளாஸ்கோ நகரின் காலநிலை மாநாட்டில் பேசுமளவு சென்றார். அவருக்குப் பொருள் கிடைத்தது தெருவிலேயே. நம் பிள்ளைகளுக்கு வயல் இருக்கிறது.

விதைப் பரீட்சையையே எடுத்துக்கொள்வோம். செலவு ஏதும் இல்லை. பொறுக்காமல் கைக்கு வந்தபடி எடுத்த 400 விதைகளை நூறு நூறாக நான்கு பங்காக்கி, ஈரச் சாக்கில் தனித்தனியே பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் காயாது பார்த்து, ஐந்தாம் நாளும் பதினான்காம் நாளும் எண்ணவேண்டும். சான்று பெற்ற நெல் விதைக்கு நூற்றுக்கு 80க்குக் குறையாத முளைப்பு வேண்டுமென்பது விதி. 60தான் முளைக்கிறதென்றால், 30 கிலோ போடும் இடத்தில் 40 கிலோ போட்டாலன்றி அதே எண்ணிக்கை நாற்று வாராது. நாற்றங்கால் திட்டுத் திட்டாகச் சொட்டையாய் நின்ற பிறகு வருந்துவதைக் காட்டிலும் பதினைந்து நாள் முன்னதாக ஒரு சிறுமியின் நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்பது சுலபம்.

ஒரு கிராமத்துப் பள்ளிக் கண்காட்சியில் இப்பரீட்சையை ஒரு பெண் கொண்டுவந்திருந்தாள். நான்கு வீட்டு விதை என்று அட்டையில் எழுதியிருந்தது. மேசைமேல் மூன்று தட்டுக்களே இருந்தன. விசாரித்ததில், நான்காவது அவள் வீட்டு விதையென்றும், அதில் பாதிகூட முளைக்கவில்லை என்றும், ஊரார் முன் அதை வைக்கவேண்டாமெனத் தகப்பனார் தடுத்துவிட்டார் என்றும் தெரிந்தது. அவர் ஊரில் கௌரவமுள்ள மிராசுதார். அவர் கூச்சம் எனக்குப் புரியாமலில்லை. "எப்போது அறுத்த நெல் ஐயா?" என்று கேட்டேன். சொர்ணவாரி அறுவடை; களத்திலிருந்து வந்து சில நாட்களே ஆகியிருந்தன. புது நெல்லுக்குச் சில இரகங்களில் உறக்க காலம் உண்டு. உயிர் இருந்தும் அது கழியுமட்டும் முளைக்காது. மூன்று வாரம் சென்று மறுபடி எண்ணும்படி சொல்லிவந்தேன். பெரும்பாலும் முளைத்துவிட்டதாகப் பின்னர் அப்பெண் தெரிவித்தாள். அதற்குள் கண்காட்சி முடிந்துவிட்டபடியால் பரிசு எரிமலைக்குப் போயிற்று. மறைக்கப்பட்ட தட்டில்தான் அவ்வாண்டின் மிகச் சிறந்த பாடம் இருந்தது.

எண்ணிப் பார்த்து ஒப்பிடுவதன் பயன் நமக்கு அந்நியமானதன்று. அருகிலுள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.6, 1952இல் வெளிவந்தது. அதன் பெற்றோருள் ஒன்றாகிய ஜி.இ.பி.24, வயலில் தானே தோன்றிய மாறுதலை ஒருவர் கண்டு பிரித்ததனால் கிடைத்த இரகம். டி.கே.எம்.6க்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் இருந்தபடியால், பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் கலந்து ஐ.ஆர்.20ஐ 1969இல் வெளியிட்டனர். அது மறுபடி நம் வயல்களுக்கே வந்து பரவியது.

ஆகையால் நிலமுள்ளோர் தம் பிள்ளைக்கோ, நிலமில்லாத அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ ஒரு சென்ட் நிலம் ஒதுக்கிக் கொடுக்கலாம். அதைச் சரிபாதியாக்கி, ஒரு பாத்தியில் புதியதைச் செய்து, மற்றதை வழக்கப்படியே விடவேண்டும். ஒப்புப் பாத்தி இல்லாத பரீட்சையை நடுவர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. எரு, நீர், நடவு நாள் மூன்றும் இரண்டிற்கும் ஒன்றாயிருக்கட்டும். விளைச்சல் குறைந்தாலும் குறைந்தபடியே எழுதச் சொல்லுங்கள். ஆட்களை விட்டு உங்கள் இஷ்டப்படி திருத்தாதீர்கள்.

கிராம நிர்வாக அலுவலர்கள் பிள்ளைகளுக்கு மழைக் கணக்கையும் சாகுபடிக் கணக்கையும் பார்க்கக் கொடுத்தால் பேருதவியாகும். 10 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் நீராகும் என்பதைப் பிள்ளையே பெருக்கிக் கண்டுபிடித்து, தன் ஊர்க் கிணற்றில் மாதந்தோறும் கயிறு விட்டு அளந்த ஆழத்தோடு பக்கத்தில் எழுதினால், தொழிற்சாலைகளும் மனைகளும் பெருகிவரும் இப்பிரதேசத்தில் அதைக் கேட்கப் பெரியவர்களும் வருவார்கள்.

முளைப்புப் பரீட்சைக்கு விதையை நாற்றுவிடும் நாளுக்கு மூன்று வாரம் முன்னரே பிள்ளைகளிடம் கொடுத்துவிடவேண்டும். உறையின்மேல் இரகத்தின் பெயரோடு அறுவடைத் தேதியையும் எழுதுக. சந்தேகமானால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திற்கு ஆசிரியருடன் பிள்ளைகளை அனுப்புக.