டேட்டாபேஸ் சர்வருக்கு எஸ்.எஸ்.டி.: எந்த வேகத்தைப் பார்ப்பது?

அலுவலக சர்வருக்கு எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “நொடிக்கு எத்தனை எம்பி வேகம்?” என்பதுதான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதும் அதுவே. பெரிய வீடியோ பைலைக் காப்பி செய்ய அந்த எண் உதவும். டேட்டாபேஸ் விஷயத்தில் அதை நம்பிப் பணம் போடாதீர்கள் என்பேன். காரணத்தைப் பார்ப்போம்.

டேட்டாபேஸ் எழுதும் விதம்

வீடியோ பைலைக் காப்பி செய்யும்போது தகவல்கள் வரிசையாகச் செல்கின்றன. டேட்டாபேஸ் அப்படிச் செயல்படுவதில்லை. வழக்கமான செட்டிங்கில் போஸ்ட்கிரெஸ் 8 கேபி, மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி 16 கேபி கொண்ட சிறு பக்கங்களாக, டிஸ்க்கின் பல இடங்களில் மாறி மாறிப் படித்து எழுதுகின்றன. அத்துடன், ஒரு பில் போட்டு முடித்ததும், அதன் பதிவு டிஸ்க்கில் நிலையாக எழுதப்பட்டதா என்று உறுதி செய்த பிறகே “முடிந்தது” என்று தெரிவிக்கின்றன. இந்தக் காத்திருக்கும் நேரம்தான் நாம் அளக்க வேண்டியது.

நிமிடத்திற்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி செகண்ட் ஆகும். பிளாஷ் மெமரியில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. எனவே அது வேகமானது என்பதில் சந்தேகமில்லை. அந்த வேகம் நிலைத்து நிற்குமா என்பதே கேள்வி.

புது டிரைவின் வேகம்

பிளாஷ் மெமரியில் பழைய தகவல் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு பெரிய பிளாக்கை முழுதாக அழித்த பிறகே அங்கே மீண்டும் எழுதலாம். டிரைவ் காலியாக இருக்கும்போது பிரச்னை இல்லை. நிரம்பிய பின் தகவல்களை இடம் மாற்றி, பிளாக்கை அழித்து, பிறகு எழுத வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. இதனால்தான் எஸ்.என்.ஐ.ஏ. அமைப்பின் சோதனை முறையில், டிரைவை முதலில் அழித்து, பின் நிரப்பி, வேகம் நிலைப்படும் வரை திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்கிறார்கள். அடுத்தடுத்த 5 சுற்றுகளில் அதிகபட்சத்திற்கும் குறைந்தபட்சத்திற்கும் உள்ள வித்தியாசம், சராசரியில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நான் சோதிக்கும் முறை

1. சோதனை டேட்டா, ராம் மெமரியை விடப் பல மடங்கு பெரியதாக இருக்க வேண்டும். இல்லையேல் அளப்பது ராமின் வேகமாகிவிடும்.

2. எப்.ஐ.ஓ. என்ற இலவச புரோகிராமில் 8 கேபி அளவில், ரேண்டமாகப் படித்தலும் எழுதுதலும் கலந்து, மணிக்கணக்கில் ஓடவிடுகிறேன். டிரைவில் நேரடியாக எழுதினால் அதிலுள்ளதெல்லாம் அழிந்துவிடும். எனவே முதலில் பேக்கப் எடுங்கள்.

3. சராசரியை நம்புவதில்லை. 100 வேலைகளில் 99 தலா 1 மில்லி செகண்டிலும், ஒன்று மட்டும் 500 மில்லி செகண்டிலும் முடிந்தால், சராசரி ஏறக்குறைய 6 மில்லி செகண்டுதான். ஆனால் கவுண்டரில் நிற்கும் வாடிக்கையாளர் உணர்வது அந்த அரை நொடியை. எனவே மிக மெதுவான ஒரு சதவீதத்தைத் தனியாகப் பார்க்கிறேன்.

மின்சாரம் போனால்?

சாதாரண டிரைவ் ஒன்று, எழுதி உறுதி செய்யும் சோதனையில் நம்ப முடியாத வேகம் காட்டினால் எனக்குச் சந்தேகம் வரும். தன் தற்காலிக மெமரியில் வைத்துக்கொண்டே அது “எழுதிவிட்டேன்” என்று சொல்லலாம். சர்வர்களுக்கான நல்ல டிரைவ்களில், மின்சாரம் நின்றாலும் மிச்சத்தை எழுதி முடிக்க கெபாசிட்டர்கள் இருக்கும். அவை காட்டும் வேகத்தை நம்பலாம். 2013ல் வெளியான ஓர் ஆய்வில், திடீரென மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்த 15 எஸ்.எஸ்.டி.களில் 13 ஏதாவது ஒரு கோளாறைக் காட்டின. வேகம் குறைந்தால் தாமதம்தான் ஆகும். பதிவு தொலைந்தால் கணக்கே போய்விடும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில்

கிரிஸ்டல் டிஸ்க் மார்க் இயக்கிப் பாருங்கள். மேல் வரியில் உள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு, ஒரே வரிசையில் 4 கேபி ரேண்டமாகப் படித்து எழுதும் வரியைக் கவனியுங்கள். சோதனை பைலின் அளவையும் 1 ஜிபியிலிருந்து கூட்டிப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்க இரண்டே கேள்விகள் போதும்: நிரம்பிய பின் எழுதும் வேகம் என்ன? மின்சாரம் போனால் பாதுகாப்பு உண்டா? பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசுங்கள்.