கடல் தாண்டி வந்த இரண்டு கோல்

2020 ஜனவரி 4. பிரான்சின் மேற்குப் பகுதியில் நியோர் என்ற ஊர். அந்த ஊர் அணி அப்போது நாட்டின் இரண்டாம் அடுக்கு லீக்கில் ஆடியது; அதன் வீரர்களுக்குக் கால்பந்துதான் பிழைப்பு. எதிரே நின்றது இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவிலிருந்து 9,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த ஜே.எஸ். சேன்-பியெருவாஸ். ஆட்டம் 2-1 என முடிந்தது. வென்றது தீவு அணி! பிரெஞ்சுக் கோப்பையில் கடல்கடந்த பகுதியின் அணி ஒன்று கடைசி 32-க்குள் நுழைந்தது 1989-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

புதுச்சேரியின் பாகூரிலும் வில்லியனூரிலும் இருப்பவர்களுக்கு ரெயூனியன் அந்நியமான பெயர் அல்ல. 1848-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. அதற்குப் பிறகு தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பல் ஏறிய தமிழர்கள் ஏராளம். அந்தத் தீவு அணியின் ஊரான சேன்-பியெர் நகரில் இன்றும் நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1990 உலகக் கோப்பையில் 38 வயதில் 4 கோல் போட்டு உலகத்தையே வியக்கவைத்த காமெரூன் வீரர் ரோஜர் மில்லா, அதற்குச் சற்று முன்பு ஆடிக்கொண்டிருந்தது இந்த ஊர் அணிக்காகத்தான். பிரெஞ்சு தேசிய அணிக்கு ஆடிய திமித்ரி பாயே பிறந்ததும் இங்கேதான்.

பிரெஞ்சுக் கோப்பை முதல் உலகப் போரின் நடுவே, 1917-இல் தொடங்கியது. 1915-இல் போரில் மாண்ட விளையாட்டு அமைப்பாளர் ஷார்ல் சிமோன் நினைவாக வைத்த கோப்பை அது. 1960-களில் கடல்கடந்த பகுதிகளின் அணிகளுக்கும் இடம் கிடைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. வரலாறு சற்றே வேறு மாதிரி நடந்திருந்தால் நம் ஊர் அணி ஒன்றும் அந்தச் சீட்டுக் குலுக்கலில் இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இன்று அதில் சேரும் அணிகள் 7,000-க்கும் மேல். தோற்றவர் வெளியேற வேண்டிய போட்டியில் ஒவ்வொரு சுற்றும் கூட்டத்தைப் பாதியாக்கும். 7,000 பேரை ஒருவராகக் குறைக்க 13 சுற்றுகளே போதும். கிராம அணிக்கும் பாரிஸ் அணிக்கும் இடையில் இருப்பது அவ்வளவுதான். ரெயூனியனில் இதற்கென்றே மண்டலக் கோப்பை நடக்கிறது. தீவின் அணிகள் முதலில் தங்களுக்குள் மோதி, மிஞ்சுபவர்கள் ஏழாம் சுற்றில் பிரான்ஸ் அணிகளைச் சந்திக்கிறார்கள்.

சரி, எளியவர் வலியவரை எப்படி வெல்கிறார்? வீரம், மனவுறுதி எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. கால்பந்தில் கோல் அரிது. 90 நிமிடத்தில் இரு அணிக்கும் சேர்த்து இரண்டு மூன்று விழுந்தாலே அதிகம். அரிதாக, முன்னறிவிப்பின்றி நிகழ்பவற்றை எண்ணும் முறையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் சிமியோன் தெனி புவாசோன் 1837-இல் எழுதிவைத்தார். நம் பாடநூல்களில் வரும் பாய்சான் பரவல் அதுவே.

வலிய அணி சராசரியாக 2 கோலும் எளிய அணி 1 கோலும் போடக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். பலத்தில் இரு மடங்கு வித்தியாசம். இருந்தும் அந்தக் கணக்குப்படி 100 ஆட்டத்தில் ஏறக்குறைய 18-ஐ எளிய அணி வெல்லும். 21 டிரா ஆகும். டிராவைப் பெனால்டி உதையில் தீர்த்தால் அதில் பாதியும் இவர்களுக்கு வரலாம். ஆக, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த வாய்ப்பு. அதே இரு மடங்கு வித்தியாசத்தை 20-க்கு 10 என்று நிறையக் கோல் விழும் ஆட்டமாக மாற்றிப் பாருங்கள், எளியவரின் வெற்றி 100-க்கு 3 அளவில் சுருங்கிவிடும். பென்-நயீம், வாஸ்கெஸ், ரெட்னர் என்ற மூவர் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆராய்ந்தபோது, எதிர்பாராத முடிவுகள் மிகுதியாக வந்தது இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில்தான். அமெரிக்காவின் கூடைப்பந்து அதற்கு வெகு பின்னால் இருந்தது.

பிரெஞ்சுக் கோப்பையில் நியோரை வீழ்த்திய சேன்-பியெருவாஸை அடுத்த சுற்றில் வென்றது எப்பினால் என்ற நான்காம் அடுக்கு அணி. அந்த எப்பினால் அதற்கடுத்த சுற்றில், முதல் அடுக்கின் லீல் அணியையே 2-1 என்று வெளியேற்றியது.

நம் பக்கம் வருவோம். புதுச்சேரி ஆடுவது சந்தோஷ் டிராபியில். 1941-இல் வங்காளத்தில் தொடங்கிய இந்த மாநிலங்களுக்கிடையிலான கோப்பை, இன்றைய வங்கதேசத்தில் உள்ள சந்தோஷ் ஜமீனின் மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரி நினைவாக அந்தப் பெயரைப் பெற்றது. வங்காளம் 33 முறை வென்றிருக்கிறது. 2024 நவம்பரில் கோழிக்கோட்டில் கேரளம் நம்மை 7-0 என்று தோற்கடித்தது. முதல் கட்டம் ஒரே ஆட்டத்தில் தீர்வதில்லை. நான்கு அணிகள் தமக்குள் மோத வேண்டும். ஆட்டங்கள் கூடக் கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும், பலம் முன்னால் வரும்.

இந்த இடத்தில் கணக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறது. எதிரணிக்குச் சராசரி 4 கோல், நமக்கு அரை கோல் என்றிருந்தால் வெற்றி வாய்ப்பு 100-க்கு 2-ஐக்கூடத் தொடாது. எதிரணியை 3-ஆகக் குறைத்து, நாம் 1-க்கு ஏறினால் அது 9-ஐத் தாண்டிவிடும். தடுப்பில் ஒரு கோல், தாக்குதலில் அரை கோல். வாய்ப்போ ஏறக்குறைய ஆறு மடங்கு! அந்த ஒன்றரை கோலைச் சம்பாதிக்க ரெயூனியன் பையன்களுக்கு உள்ளூர் லீக்கும் மண்டலக் கோப்பையும் இருக்கின்றன. கொம்யூன் என்னும் ஊராட்சிப் பகுதிகள் தமக்குள் மோதும், ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் ஒரு கோப்பை பாகூர்ப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

நம்மீது ஏழு கோல் போட்ட கேரளம் அந்த முறை இறுதிவரை போனது. 2024 டிசம்பர் 31 அன்று ஐதராபாத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில் வங்காளம் போட்ட ஒரே கோலில் தோற்றது.